ஆட்டுக் கத்தரி

ஓசூருக்கு நாங்கள் குடிவந்த புதிதில், மாற்றலாகிப் போன கம்பெனி அதிகாரி ஒருவர் தன் பொமரேனியன் நாயை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். வெள்ளை நாய். சோற்றில் முடி, பாயில் முடி, என் கணவரின் காக்கிச் சட்டையில் முடி. பெருக்கி நிமிர்வதற்குள் ஒருமுறை உடம்பை உதறும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மகளோ பள்ளிவிட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அதன் கழுத்தில் முகத்தைப் புதைப்பாள்.

அந்த ஐப்பசியில் அவளுக்கு வீசிங் வந்தது. மூச்சு இழுக்கும்போது விலா எலும்பெல்லாம் தெரிந்தது. வீட்டில் நாய்முடி இருக்கக் கூடாது, முடியாவிட்டால் நாயை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். அதைக் கேட்டு அவள் அழுத அழுகையில் மறுபடி இழுப்பு வந்துவிட்டது.

என் கணவருக்குக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. எது ரிப்பேரானாலும் அதற்கொரு வழி உண்டு என்று நம்புகிற மனுஷன். நாயை வாசலில் படுக்க வைத்தார். ஷிப்ட் முடிந்து வந்து தினமும் சீப்பால் வாரினார், ஈரத்துண்டால் துடைத்தார். வார வார முடி வந்துகொண்டே இருந்தது.

கார்த்திகையில், அறுப்பு முடிந்த கேழ்வரகுக் கொல்லையில் கன்னடக்காரர்கள் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். கம்பளிக்காக ஆட்டு மயிர் கத்தரிக்கிறவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் அவர்களில் ஒருவரைக் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

"ஏங்க, பனி கொட்டற மாசத்துல இது என்னாங்க வேல?" என்றேன்.

"ஆட்டுக்கே ஒண்ணும் ஆவறதில்ல, நாயிக்கு என்னா ஆவப்போவுது? முடியே இல்லன்னா எங்கருந்து கொட்டும்?"

வந்தவரும் "ஏனாகல்லம்மா", ஒன்றும் ஆகாதம்மா என்று கன்னடத்தில் எனக்குத் தைரியம் சொன்னார். நாயின் கால்களைக் கட்டி, ஆட்டுக் கத்தரியால் தோலோடு ஒட்ட வெட்டினார். கட்டவிழ்த்ததும் எழுந்து நின்றது நம் நாய்தானா என்று சந்தேகமாக இருந்தது. சிவந்த தோலோடு, குச்சிக் கால்களோடு நின்றது. மகள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வாரம் வீட்டில் முடி விழவில்லை. அவளும் இழுப்பில்லாமல் தூங்கினாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் தூறல் பிடித்துக்கொண்டது. ஓசூர் மார்கழி சும்மா விடுமா? வாசலில் சாக்கின்மேல் நாய் வெடவெடவென்று நடுங்கியது. என் பழைய ஸ்வெட்டரைச் சுற்றிவிட்டேன். இருமத் தொடங்கி, சோற்றை முகர்ந்து பார்ப்பதையும் நிறுத்தியது. மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். மகள் பள்ளியில் இருந்தபோது செத்துப்போனது. அந்த ஸ்வெட்டரோடே புதைத்தோம். அவள் வந்து வெறும் சாக்கைப் பார்த்தாள். பையைக் கழற்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

தை மாதம் ஒரு காலையில் அவளுக்கு மறுபடி இழுப்பு வந்தது, முன்னைவிட மோசமாக. இவர் பதறிப்போய்க் கட்டிலைப் புரட்டினார். டார்ச் அடித்து, முட்டிபோட்டு மூலை மூலையாக முடி தேடினார். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"இப்ப யாரப் புடிச்சி முடி வெட்டப்போறீங்க?"

அவர் டார்ச்சை அணைக்கவில்லை. என் மடியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவள்தான் தலையைத் தூக்கி, விட்டு விட்டுக் கேட்டாள்.

"ஒண்ணாவது... கெடச்சுதாப்பா? கெடச்சா... எனக்குக் குடு."