முதலிடம் கொடுத்த பாட்டில்

இன்று காலை எண்ணூர் பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர், "வருஷா வருஷம் நெட்டுல பர்பன் லிஸ்ட் போட்றது நீதான?" என்றார். அமெரிக்க விஸ்கிக்கு நம்ம ஏரியாவிலும் ரசிகரா என்று சிரித்தபடி தலையாட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை.

"நீ ஃபர்ஸ்ட் போட்ட சரக்கு, கப்பல்லேர்ந்து வந்துதுன்னு ஒருத்தன் குடுத்தான். நேத்து எங்க அண்ணன் குடிச்சாரு. காலைலேர்ந்து கண்ணு மங்கலா கீதாம். தூங்கினா சரியாப் பூடும்னு படுத்துகினு கீறாரு."

போனில் பாட்டிலின் படத்தைக் காட்டினார். லேபிளில் பெயரே எழுத்துப் பிழையோடு இருந்தது. போலிச் சரக்கு; மெத்தனால் கலந்திருந்தால் கண்ணே போய்விடும்.

"தூங்க விடாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

திருவொற்றியூரில் இறங்கி ஆட்டோவில் அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணனைக் கைத்தாங்கலாக ஏற்றினோம். வழியெல்லாம் அண்ணன் என் தோளைத் தடவி, "யாருப்பா நீ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

"உயிருக்கு பயமில்ல. பார்வை எவ்வளவு திரும்பும்னு நாளைக்குத்தான் தெரியும்" என்றார் டாக்டர்.

இன்னும் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் இருக்கிறேன். பட்டியலை அழித்துவிட்டேன். அதை நம்பி யாராவது இப்படி வெளியில் பாட்டில் வாங்கியிருந்தால், திறக்காமல் கீழே கமெண்ட்டில் சொல்லுங்கள். ருசி எப்படி என்று மட்டும் இன்றைக்கு யாரும் என்னைக் கேட்காதீர்கள்.