வாலறுத்த எலிகளும் நைனாவின் கையும்

வெல்லப்பாகு கொதிக்கும் வாசனை வந்தால் எல்லாருக்கும் நாக்கில் நீர் ஊறும், எனக்கோ குமட்டும். நான் ஆறாவது படிக்கும்போது, திருப்புலிவனத்துக் கரும்பாலையின் உருளையில் என் அப்பாவின், நாங்கள் "நைனா" என்று கூப்பிடுகிறவரின், வலக்கை விரல்கள் மூன்று நசுங்கிப் போன அன்று ஊரெல்லாம் அந்த வாசனைதான் அடித்தது.

நான் பத்தாவது படிக்கையில் அக்காவுக்கு வரன் வந்தது. பழையசீவரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், பெரியப்பா முதல் வேலையாக நைனாவின் கையில் துண்டைச் சுற்றிவிட்டார். அந்த வாரம்தான் அறிவியல் டீச்சர், ஜெர்மன் தேசத்து உயிரியலாளர் ஒருவர் அந்தக் காலத்தில் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிக்கொண்டே வந்தும் குட்டிகள் சளைக்காமல் வாலோடு பிறந்ததையும், பிறந்த பின் உடம்புக்கு வந்த குறை பிள்ளைகளுக்குப் போகாது என்று அவர் அடித்துச் சொன்னதையும் நடத்தியிருந்தார். அக்காவிடம் சொன்னேன். "மெய்யாலுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணில் துண்டு பட்டுவிட்டது.

"கையில இன்னா?"

நைனா அவிழ்த்துக் காட்டினார்.

"பொறக்கப்போற கொயந்தைக்கும் இப்படி வந்துட்டா இன்னா பண்றது?" என்று அந்தம்மாள் அவர் முகத்துக்கு நேராகவே கேட்க, எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. குனிந்து நின்ற அக்காதான் வாயைத் திறந்தாள்.

"நீங்க காது குத்திக்கினு கீறீங்க, உங்கம்மாவும் குத்திக்கினு இருந்திருப்பாங்க. உங்க வூட்ல எந்தக் கொயந்தையாவது குத்துன காதோட பொறந்துதா?"

பெரியப்பா பல்லைக் கடித்தார். அந்தம்மாளோ தன் கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பொண்ணு கேக்கறது ஞாயந்தான்" என்று சிரித்துவிட்டார். கல்யாணம் நிச்சயமானது. ஆனால் ஊனமான கையால் தாரை வார்க்கக் கூடாதாம், நாலு பேர் பார்ப்பார்களாம். பெரியப்பாவே உட்காரட்டும் என்றார்கள் உறவுக்காரர்கள். நைனாவும் சரியென்று தலையாட்டினார். முகூர்த்த நேரத்தில் பெற்ற தகப்பன் சமையல்கட்டில் சாம்பார் வாளியோடு நின்றார். அட கண்றாவியே, அந்த வெட்கம் இன்றைக்கும் என்னைப் பிடுங்கித் தின்கிறது.

இப்போது ஆலை இல்லை, அந்த இடத்தில் பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் அக்காவின் மகளுக்குப் பிரசவம். தள்ளாத வயதில் ஆஸ்பத்திரிக்கு வந்த நைனா, வலக்கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை.

"வெரலு எல்லாம் சரியா கீதா?"

"கீது நைனா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.