நான் எடுத்து எறிந்த சாக்கு

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓணத்துக்கு முந்தின வாரம். கேரள எல்லையோரத் தனுவச்சபுரம் பக்கம் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் போடும் ஒரு சின்ன கம்பெனியில் நான் சூப்பர்வைசராகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஆறு வருடம் அதே மேஜைகளில் நின்று பாக்கெட் ஒட்டியவள் நான்.

'அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்' என்பார்களே, என் குடை மலையாளம். பஸ்ஸிலும் வேலையிலும் தமிழில் கதையடித்த அதே பெண்களிடம், கம்பெனி டேப்லெட் கைக்கு வந்ததும் மலையாளத்தில் மட்டும் பேச ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் ஆபீஸ் பேச்சு என்றால் அதுதானே! எதைச் சொன்னாலும் எழுதித் தரச் சொல்வேன். பக்கத்திலேயே நின்று எனக்கு வேலை பழக்கிய அக்காவைக்கூட 'சேச்சி' ஆக்கிவிட்டேன்.

பழைய சூப்பர்வைசர் தலை எண்ணுவார், சத்தம் போடுவார். இப்போது அதையெல்லாம் டேப்லெட்டே பார்த்துக்கொள்கிறது. காலையில் சுத்தம் பார்த்து போட்டோ அனுப்புவதுதான் என் பெரிய வேலை. அன்றைக்கு அக்காவின் சீல் மெஷினுக்கு முன்னால் மடித்துப் போட்ட சாக்கு ஒன்று கிடந்தது. போட்டோவில் அசிங்கமாகத் தெரியுமே என்று எடுத்து வெளியே எறிந்தேன். அக்கா என்னவோ சொல்ல வந்தாள். "சேச்சி, வர்த்தமானம் பின்னே மதி" என்றேன். பேச்சு அப்புறம் போதும் என்று அர்த்தம்.

கால் மணி நேரம் ஆகியிருக்காது, ஒரு அலறல். அக்காவின் கை மெஷினோடு ஒட்டிக்கொண்டு உடம்பெல்லாம் உதறியது. பக்கத்தில் நின்றவள் துடைப்பக் கட்டையால் சுவிட்சைத் தட்டி அணைத்தாள். நான் டேப்லெட்டைப் பிடித்தபடி மரமாக நின்றேன்.

ஆஸ்பத்திரியில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். "எனக்கிட்ட ஏன்க்கா சொல்லல்ல?" என்று கேட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் தமிழ் அது.

"ஒரு வாரமா கரண்டு கிள்ளுது மக்கா. செருப்பு வெளியதானே கிடக்கும், வெறுங்கால்ல நிக்கணும்லா, அதுக்காக்கும் சாக்கு போட்டது. உனக்கிட்ட எப்பிடிச் சொல்ல? நீ இப்பம் ஆபீஸ் ஆளுல்லா" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாக்கை எடுத்தது நான்தான் என்று மேனேஜரிடம் ஒளிக்காமல் சொன்னேன். சீட்டு கிழிந்தது என்றே நினைத்தேன். நன்றாகத் திட்டினார்; ஆனால் வேலையை நிறுத்தி எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டார். எர்த் வயர் அறுந்து கிடந்தது. ஓண லோடு ஒரு நாள் தாமதமாகப் போனது. மூன்றாம் நாள் வேலைக்கு வந்த அக்கா, முதல் காரியமாக என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள், நான் அழுதேன்.

இப்போதெல்லாம் மெஷின் ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம் அவர்கள் பேசுவார்கள், நான் கேட்பேன். பாதி நாள் சாயாவில் சீனி இல்லை, ஃபேன் காற்று வரவில்லை என்ற பிராதுதான். அதைக் கேட்டால் மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லாத காலையில்தான் நெஞ்சு பதறி, மேஜை மேஜையாகப் போய் "என்னக்கா, ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போட விடுகிறேன்.