பூதம் கொண்டுபோன குரல்

படம் பாதியில் இருக்கும்போது எங்கள் கதாநாயகிக்குப் பேச்சு நின்றுவிட்டது. சத்தம் பிடிக்கிறவன் பிழைப்பு, வாய் திறக்கிறவர்களை நம்பி நடப்பது. கலியாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மைக் பிடித்துக் காலம் தள்ளிய, என் தொழில்காரர்களான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிறுவர் படம். மாயமாளிகை, பூதம், இத்தியாதி. தெமோதரைப் பக்கம் மூடிக் கிடக்கும் தேயிலை ஃபெக்டரிதான் மாளிகை. டைரக்டர் ரமேஷ், பதுளையில் டியூஷன் கொடுக்கிறவன். நாயகி அபி, ஃபெக்டரிக்குக் கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை, எட்டு வயது. பூதம், ஹாலிஎல பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் அந்தோணி. நல்ல உயரம். சாக்கைப் போர்த்திவிட்டால் போதும், வேறு செலவில்லை.

போத்தலுக்குள்

கதைப்படி பூதம் பிள்ளையின் குரலைப் பிடுங்கிக் கண்ணாடிப் போத்தலில் அடைக்கும். கடைசியில் திருப்பிக் கொடுக்கும். பிடுங்குவதை எடுத்தோம். அந்தோணி போத்தலைப் பிள்ளையின் வாயருகே பிடித்து மூடியைத் திருகினான். பிள்ளையின் உதடு அசைந்தது, சத்தம் இல்லை. நல்ல நடிப்பு என்று நினைத்தேன். ரமேஷ் கட் சொன்ன பிறகும் உதடு அசைந்துகொண்டிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

திருப்பிக் கொடுக்கும் காட்சிக்கு வெயில் வேண்டுமாம். மூடுபனி விலகவில்லை. அந்தோணிக்கு லீவு முடிந்தது, அடுத்த லீவில் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை அபியை அவள் அப்பா செல்வம் கூட்டிவந்தார். பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"வீட்டுலயும் பேசலைங்க. தூக்கத்துல வாய் மட்டும் அசையுது."

யாரும் பேசாத நேரம்

ஓர் இடத்தில் வேலை முடிந்தால், கிளம்புமுன் அந்த இடத்தின் வெறுமையைக் கொஞ்சம் பதிவு செய்து வைத்துக்கொள்வோம். படத்தை வெட்டி ஒட்டும்போது இடைவெளிக்கு அது வேண்டும். அப்போது யாரும் அசையக் கூடாது. முன்பு தேயிலைக் கொழுந்து வாட்டிய மேல்மாடியில் எல்லோரையும் நிறுத்திவிட்டு ஹெட்போனை மாட்டினேன். காற்று. தகரக் கூரை. அதற்குப் பின்னால் அபியின் குரல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுவதுபோல. "கதவைத் திற" என்றது. படத்தில் அவள் வசனம்தான்.

ஹெட்போனைக் கழற்றினேன். ஒன்றுமில்லை. மாட்டினேன். கேட்டது. அபி என் காலடியில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வயதாகிவிட்டது, காது பொய் சொல்லும் என்று நினைத்து ஃபெக்டரி வாச்சரைக் கூப்பிட்டு அவர் தலையில் மாட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டார். கழற்றிக் கொடுத்துவிட்டுத் துவாயால் காதைத் துடைத்தார்.

"புள்ள எங்கயோ அடைபட்டு நின்னு கூப்பிடுது. அப்ப இங்க உக்காந்திருக்கிறது யாருங்க?"

வேறு குரல்

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொண்டையில் பழுதில்லை, பயந்திருக்கும், போகப் போகச் சரியாகும் என்றார்களாம். அம்மன் கோயிலில் நூல் கட்டினார்கள். பக்கத்து லயத்து வேதக்கார அம்மா ஒருத்தி ஜெபம் செய்து எண்ணெய் பூசினாள். பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தது.

ரமேஷ் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, டியூஷன் பிள்ளை ஒன்றை வைத்துக் குரல் சேர்த்துவிடலாமா என்று கேட்டான். முடியும். எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். ஆனால் செல்வம் பின்னால் நின்றதை நாங்கள் பார்க்கவில்லை.

"வேற புள்ள குரல என் மகளுக்குப் போட்டுட்டா, அவ குரல் எங்கங்க வந்து சேரும்?"

எரித்த மதன்

செல்வம் காமன் கூத்தில் மதன் வேசம் கட்டுகிறவர். கூத்தில் சிவன் மதனை, அதாவது மன்மதனை, எரிப்பார். பிறகு எழுப்புவார்கள். எழுப்பும்வரை வேசம் கட்டியவர் செத்தவர்தான். வீட்டில் துணி மூடிப் படுத்துக் கிடப்பார். அபி இதைக் கைப்பிள்ளையாக இருந்த நாளிலிருந்தே பார்த்து வளர்ந்தவள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததல்ல. படம் என்றதும் மறந்துபோனது.

குரலைத் திருப்பிக் கொடுக்கிற காட்சி எப்போது என்று செல்வம் கேட்டார். வெயில் வரட்டும், அடுத்த மாசம் என்றான் ரமேஷ். செல்வம் அவனிடம் சொன்னார்:

"மதன எரிச்சுட்டு, எழுப்புறத வெயில் வரட்டும்னு தள்ளிவைக்கிற கூத்த நான் பாத்ததில்லைங்க."

எறும்பு

அந்தோணிக்குப் போன் போட்டோம். லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று இழுப்பான் என்று எதிர்பார்த்தேன். மத்தியானமே வந்து நின்றான். டிக்கெட் பை தோளில், கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய போத்தல். ஷூட்டிங் முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான், நல்ல போத்தல் என்று. கேட் அருகே என்னைப் பிடித்து, மெதுவாகச் சொன்னான்:

"அண்ணே, பொண்டாட்டி இதுல சீனி போட்டு வச்சா. மூடாம வச்சும் ஒரு எறும்பு கிட்ட வரல."

பூதம் வந்தது

ரமேஷ் கெமராவைத் தேடினான். அந்தோணி காத்திருக்கவில்லை. சாக்கைப் போர்த்தினான், மேல்மாடிக்கு ஏறினான். ஜன்னலெல்லாம் பனி. அபி அவனைக் கண்டதும் எழுந்து நின்றாள். செல்வம் அவள் பின்னால் போய் நின்றார். என் கையில் மைக் இருந்தது. அதைப் போட மனம் வரவில்லை.

அந்தோணி முழந்தாளிட்டுப் போத்தலை அவள் வாயருகே வைத்து மூடியைத் திறந்தான். இன்னொரு கையால் சிலுவை போட்டுக்கொண்டான். பூதம் சிலுவை போடுவதை அன்றுதான் பார்த்தேன். பிள்ளை இருமியது. பிறகு, கேட் அருகே நாங்கள் பேசியது மேல்மாடிக்குக் கேட்டிருக்க வழியே இல்லை, அவனைப் பார்த்துச் சொன்னது:

"ஏன் மாமா எம்மேல சீனியக் கொட்டுனீங்க? மூச்சு முட்டிருச்சு."

படம் வரும்போது 'பூதம்' என்று ஓரத்தில் சின்னதாகத்தான் பேர் போடுவார்கள், ஆனால் எங்களில் டைரக்டர் வேலை பார்த்த ஒரே ஆள், ஹாலிஎல பஸ் கண்டக்டர் அந்தோணி.