மூன்று ஷிப்டு தண்ணீர்

மத்திகிரி பஸ் ஸ்டாப்பில் நாங்கள் சிலர் சேர்ந்து வைத்த வேப்பங்கன்றுக்கு, காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன். இலை மஞ்சளானது. பதறிப்போய் இரண்டு குடம் ஊற்றினேன். கன்று சாய்ந்தே விட்டது. தோண்டிப் பார்த்தால் வேரெல்லாம் அழுகி நாறியது.

“நானும் டெய்லி ரெண்டு குடம் ஊத்துனனேக்கா,” என்றாள் மதிய ஷிப்டுக்காரி. நைட் ஷிப்டுக்காரர் தன் காலிக் குடத்தை மெல்லக் காலுக்குப் பின்னால் தள்ளினார். அவரும் ஊற்றியிருக்கிறார்!

யாரைத் திட்டுவது?

இப்போது புதுக் கன்று. ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறோம். நேற்று என் முறை இல்லை. மண் காய்ந்த மாதிரிதான் தெரிந்தது. ஊற்றினார்களா, மறந்துவிட்டார்களா? பஸ்ஸும் வந்து தொலையவில்லை. கையிலிருந்த பாட்டிலைத் திறந்து, தாகமே இல்லாமல், மொத்தத் தண்ணீரையும் நானே குடித்துத் தீர்த்தேன்.