ஒரே ஒரு பிரெஞ்சு வாக்கியம்

பேசுவதற்கு முன் மீசையைத் தடவுவது அந்த லாட்ஜ் வாட்ச்மேனின் பழக்கம். பக்கத்தில் பிரெஞ்சு டியூஷன் எடுத்த என்னிடம் ஒருநாள் வந்தார்.

“‘இன்னைக்கு பூரா கிளைமேட் நல்லாருக்கும்’னு பிரெஞ்சுல எப்படி சார் சொல்றது?”

நான் சொல்லிக்கொடுத்ததையே ஒரு வாரம் முணுமுணுத்தார். லாட்ஜில் தங்கிய பிரெஞ்சுக்காரர் ஒருவர், ஷூவைக் காணோமென்று எல்லோர் முன்னாலும் வாட்ச்மேனைத் திருடன் என்றிருக்கிறார். கட்டிலடியில் ஷூ கிடைத்த பிறகும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

சித்திரை மாதக் காலையில் பிரெஞ்சுக்காரர் கிரிவலம் கிளம்பினார். வாட்ச்மேன் என் வாக்கியத்தைச் சுத்தமாகச் சொன்னார். வெறுங்காலோடுதான் போகவேண்டும் என்று சைகை காட்டி, ஷூவை வாங்கி வைத்துக்கொண்டார்.

தார் ரோடு கொதித்த மத்தியானத்தில், கொப்புளம் வெடித்த காலோடு பிரெஞ்சுக்காரர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வாட்ச்மேன் மீசையைத் தடவிவிட்டு ஷூவை நீட்டினார்.

“ரெண்டும் இருக்குதானு பாத்துக்கங்க.”

அதைச் சொல்ல மட்டும் அவருக்கு பிரெஞ்சு தேவைப்படவில்லை.