ஹனீபா நானாவின் சுடுதண்ணிப் பீப்பாய்

காலையில் பாடசாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மின் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சோமபாலவிடமிருந்து அழைப்பு வந்தது.

"டீச்சர், நம்ம ஹனீபா நானா போயிட்டாரு. சுபஹு தொழுதிட்டு அப்பிடியே சாஞ்சிட்டாராம்."

நான் நம்பவில்லை. முந்தின நாள் மாலைதான், வாய்க்காலில் இலை அடைத்துக் கிடக்கிறது என்று என் வாசலில் நின்று சண்டை பிடித்துவிட்டுப் போனார். அவ்வளவு தெம்பாகச் சண்டை பிடித்த மனிதர் மறுநாள் விடியலில் இருக்கமாட்டார் என்று யார் நினைப்பார்கள்? குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகும் பாதையை விட்டு மேலே ஏறினால் எங்கள் ஊர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று மூன்று சமூகமும் கலந்து வாழ்கிறோம். மூன்று சமூகத்துக்கும் பொதுவானவை மழை, அட்டை, ஓடை. கராம்பும் மிளகும் வாங்க மாத்தளையிலிருந்து வந்த இளம் வியாபாரி ஹனீபா நானா, பரீதா அக்காவைக் கலியாணம் முடித்து இங்கேயே தங்கிவிட்டார். "நான் எதையும் தரம் பாத்துத்தான் எடுப்பேன்" என்று அவர் விருந்தாளிகளிடம் சொல்லும்போதெல்லாம், அக்கா சமையலறையிலிருந்து அகப்பையோடு எட்டிப் பார்ப்பார்.

அந்தக் காலத்தில் அரசாங்கத்தின் பெரிய மின்கம்பி எங்கள் மலைக்கு ஏறியிருக்கவில்லை. ஒருநாள் ஊர்க்கூட்டத்தில் நானா எழுந்து நின்றார். "மேலேருந்து இவ்ளோ தண்ணி சும்மா உழுது. நாங்க குப்பி லாம்பப் புடிச்சிட்டு அதப் பாத்துட்டு ஈக்கோம். வெக்கமா இல்லியா?" என்று கேட்டார். எல்லாருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அப்படித்தான் எங்கள் மின் சங்கம் பிறந்தது. அவர் தலைவர், நான் செயலாளர், சோமபால இயந்திரக்காரர். சம்பளமில்லாத மூன்று உத்தியோகங்கள். ஓடையை வாய்க்காலில் திருப்பி, குழாய் வழியே இறக்கி மின் இயந்திரத்தைச் சுற்றவைக்க வெளியிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து வழிகாட்டினார். ஊரே குழாய்களைத் தோளில் சுமந்து ஏற்றியது. நானா குழாயின் முன்முனையைத்தான் பிடிப்பார். பாரம் பின்னால் இருப்பவருக்குத்தான் அதிகம் என்பதை நாங்கள் கண்டுபிடிக்க வெகுகாலம் எடுத்தது.

வெளிச்சம் வந்தது. கூடவே ஒரு கூத்தும் வந்தது. இந்த இயந்திரம் ஓயாமல் ஓடும். அது உண்டாக்கும் மின்சாரம் எங்கேயாவது செலவாகியே தீர வேண்டும். வீடுகள் எடுத்ததுபோக மிஞ்சுவது, இயந்திர அறையில் இருக்கும் தண்ணீர்ப் பீப்பாயைச் சூடாக்கும். பொறியியலாளர் இதைப் படித்துப் படித்துச் சொன்னார். ஆனால் எங்களுடையது மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்துப் பழகிய ஊர். விளக்கை எரியவிட்டால் மின்சாரம் தீர்ந்துவிடும் என்று பயந்து, முதல் வாரமே எல்லா வீட்டிலும் பல்பை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்கள். மின்சாரம் முழுவதும் பீப்பாய்க்குப் போனது. அந்த நேரம் பார்த்து அங்கே குளிக்கப் போன நானா, கொதிக்கும் தண்ணீரில் வாளியை விட்டிருக்கிறார். சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஓடி அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"லைட்டப் போடுங்க! காசா பணமா, போடுங்க! நான் அவிஞ்சிருவேன்!"

மின்சாரத்தைச் சேமிக்காதீர்கள் என்று வாசல் வாசலாகக் கெஞ்சிய சங்கத் தலைவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். வெந்த கை ஆறியது. பீப்பாய் மேல் வந்த காதல் மட்டும் ஆறவில்லை. எங்கள் ஊர்க் காற்றில் பச்சைத் தண்ணீரில் குளித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். "நான் மௌத்தானா இந்தத் தண்ணியாலதான் என்னக் குளிப்பாட்டணும். பச்சத் தண்ணிய ஊத்துனீங்க, எழும்பி வந்துருவேன்" என்பார். நாங்கள் சிரிப்போம்.

சில வருடங்களுக்குப் பிறகு பெரிய மின்கம்பியும் ஊருக்கு வந்து சேர்ந்தது. கூட்டம் கூடியது. ஏலக்காய்த் தோட்டக்காரர் கருணாகரன் எழுந்தார். "இனி எதுக்கு நானா, மல ஏறி வாய்க்கால் துப்புரவாக்கணும்? சுவிச்சப் போட்டா எரியுது."

"புதுசா பொண்டாட்டி வந்தா பெத்த உம்மாவத் தொரத்திருவீங்களா?" என்று கேட்டார் நானா. கூட்டம் கைதட்டியது. கருணாகரனும் தட்டினார். எங்கள் இயந்திரத்தின் மின்சாரத்தில் எரியும் ஆற்று பல்பு ஆளுக்கொன்று வீட்டில் இருக்கட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அடுத்த சனிக்கிழமை வாய்க்கால் துப்புரவுக்கு வந்தவர்கள் நானா, சோமபால, நான். ஏகமனது எங்கே போனது என்று தெரியவில்லை.

வேறொருவர் என்றால் மேடை போட்டுத் திட்டியிருப்பார். நானா வியாபாரி. இயந்திர அறைக்குப் பக்கத்தில் தகரம் அடித்து, ஆண்களுக்கொன்று, பெண்களுக்கொன்று என்று மறைப்புக் கட்டினார். சனிக்கிழமை வாய்க்கால் துப்புரவு செய்கிறவர்களுக்கு இரண்டு வாளி சுடுதண்ணீர் என்று அறிவித்தார். அவ்வளவுதான். முழங்கால் வலிக்காரர்கள் வந்தார்கள், சளி பிடித்தவர்கள் வந்தார்கள், பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து பானையோடு வந்தார்கள். தண்ணீர் காய்ச்ச மேலே காட்டில் விறகு வெட்டுவதும் தானாகக் குறைந்தது. காட்டைக் காப்பாற்றுங்கள் என்று நான் பாடசாலையில் தொண்டை கிழியக் கத்தி நடக்காத காரியத்தை அவர் ஒரு பீப்பாயை வைத்துச் செய்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பெருமழையில் மண் சரிந்து பெரிய கம்பி அறுந்து கிடந்த காலத்தில், சுற்றுவட்டாரத்தில் வெளிச்சம் இருந்த ஊர் எங்களுடையது மட்டுமே. பக்கத்து ஊர்க்காரர்கள் கைபேசிகளைப் பையில் கட்டி எடுத்து வந்து மின்னேற்றிக்கொண்டு போனார்கள். "நான் அப்பவே சொன்னேன்" என்று நானா ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல், எல்லா வீட்டுக்கும் ஒரு சுற்று நடந்து, பல்பை அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு வந்தார். அதற்குச் சொல்லியே இருக்கலாம்!

ஆனால் மழை விட்டதும் மனிதர்களுக்கு மறதி வந்தது. கம்பியைத் திரும்பக் கட்டினார்கள். குளிக்க வருகிறவர்கள் குறையவில்லை, வாய்க்கால் ஏறுகிறவர்கள்தான் குறைந்தார்கள். நானாவையும் மலை ஏறக்கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். அவர் போவதற்கு முந்தின நாள் மாலை எங்கள் சண்டை இதைப் பற்றியதுதான்.

"நீங்கதானே யாருக்கும் வாளி இல்லன்னு சொல்லாதவரு! சும்மா குடுத்தா யாரு வாய்க்கால் ஏறுவாங்க?" என்றேன்.

"வாளிய மறிச்சா சண்டதான் வரும் டீச்சர், சனம் வராது. அவங்களா ஏறணும். நான் இல்லாட்டியும் ஏறணும். அது நடக்குமா, செல்லுங்க பாப்பம்?"

பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனார். அவருக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

அன்றிரவு பெய்த மழையில் வாய்க்காலின் கம்பி வலை முழுவதும் இலை அடைத்து, இயந்திரத்துக்கு வரும் தண்ணீர் குறைந்துவிட்டது. காலையில் நான் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது ஆற்று பல்பு செக்கச் செவேலென்று சோர்ந்து கிடந்தது. அடக்கத்துக்கு முன் மையித்தைக் குளிப்பாட்ட வேண்டிய நேரம் நெருங்கியது. சோமபால வாசலில் வந்து நின்றார்.

"பீப்பாத் தண்ணி பச்சத் தண்ணியா இருக்கு" என்றார்.

அடுப்பில் காய்ச்சலாமே என்று உள்ளே யாரோ சொன்னார்கள். முற்றத்தில் நின்ற கருணாகரன் வேட்டியை மடித்துக் கட்டினார். மூலையில் சாத்தியிருந்த நானாவின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே நடந்தார். பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் அவருக்குப் பின்னால் போனார்கள். சோமபாலவின் ஆட்கள் போனார்கள். பல மாதங்களாக வாய்க்கால் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள்கூடப் போனார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் எங்கள் தலைக்கு மேலே பல்பு பளிச்சென்று எரிந்தது. நான் ஜன்னல் வழியே பார்த்தேன். மழை மூட்டத்தில் பகலிலும் விளக்கு எரியும் ஊர் எங்களுடையது. கீழ் வரிசையில் ஒரு வீட்டில் ஆற்று பல்பு அணைந்தது. அடுத்த வீட்டிலும் அணைந்தது. பிறகு வரிசை முழுவதும் அணைந்தது. மின்சாரம் எல்லாம் பீப்பாய்க்குப் போகட்டும் என்று பெண்கள்தான் அணைத்தார்கள். நானாவை அவித்தெடுத்த அந்தப் பழைய கூத்து யாருக்கும் மறக்கவில்லை.

பாயில் உட்கார்ந்திருந்த பரீதா அக்கா நிமிர்ந்து எங்கள் பல்பைப் பார்த்தார்.

"இதையும் அணைங்க டீச்சர்" என்றார். "அவருக்குச் சூடு பத்தாது."

அணைத்தேன். அந்த இருட்டில் நாங்கள் இருவரும் அழுதோம், கொஞ்சம் சிரிக்கவும் செய்தோம். தண்ணீர் காய்ந்ததும் வெளியே ஆவி பறக்க வாளிகள் வந்துகொண்டிருந்தன. விளாவி, பதமாக்கி, இளஞ்சூட்டில் அவரைக் குளிப்பாட்டினார்களாம். அவர் எழும்பி வரவில்லை. திருப்திப்பட்டிருக்க வேண்டும்.

நானா, நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் தெரியும். நீங்கள் இல்லாத முதல் சனிக்கிழமை, நான் மண்வெட்டியோடு ஏறியபோது வாய்க்கால் கரையில் கால் வைக்க இடமில்லை. அத்தனை பேர். வேலை முடிந்து குளிக்கப் போனால் வரிசை இயந்திர அறையைச் சுற்றி நின்றது. என் முறை வந்தபோது பீப்பாய் காலி. செயலாளர் என்றும் பார்க்காமல் ஓடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பச்சைத் தண்ணீரில்தான் குளித்தேன் நானா. பல் கிட்டித்தது. போய் வாருங்கள், எனக்கு ஒரு குறையும் இல்லை.